யாரும் போனை எடுக்காத இரண்டு மணி நேரம்

என் மாமியாருக்கு இரண்டு குரல்கள். ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று ஊருக்கு. வீட்டுக் குரல் வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த மாதிரி இருக்கும். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டேன் என்று சமையலறையிலிருந்து "மாப்ளே, துண்டு!" என்று ஒரு சத்தம் கொடுத்தால், எதிர்வீட்டுக்காரரும் எழுந்து தன் துண்டைத் தேடுவார். ஊர்க் குரல் வேறு. மத்தியானம் இரண்டு மணிக்கு வானொலி நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அதே தொண்டையிலிருந்து வெண்ணெய் வழியும். இரண்டும் ஒரே ஆளுடையதுதான் என்று நம்புவதற்கு எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் பிடித்தது.

நான் லிப்ட் மெக்கானிக். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். அது இந்தக் கதையில் ஓரிடத்தில் தேவைப்படுவதால் இப்போதே சொல்லிவைக்கிறேன். மற்றபடி இது அத்தையைப் பற்றியது.

அத்தையின் முதல் வேலை தொலைபேசி நிலையத்தில். காதில் ஹெட்போன், கையில் கம்பி, எதிரே வரிசை வரிசையாக ஓட்டை போட்ட பலகை. யார் யாரோடு பேச வேண்டுமோ, அந்த ஓட்டையில் கம்பியைச் செருகி இணைத்துவிட வேண்டும். பதினேழு வருஷம் ஊர்ப் பேச்சுக்கெல்லாம் பாலம் போட்டார். ஊரில் யாருக்கு யார் மேல் காதல், யாருக்கு யார் மேல் வழக்கு என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் ஒரு வார்த்தை வெளியே போனதில்லை. எங்களிடம்கூட "அந்தக் கண் டாக்டர் இருக்காரே..." என்று ஆரம்பித்து, ஆவலோடு கிட்டே போனால், "நல்ல மனுஷன்" என்று முடித்துவிடுவார். பிறகு எல்லாவற்றையும் இயந்திரமே இணைக்க ஆரம்பித்தது. பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பின்னாலேயே அத்தையையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அப்போது நகர வானொலிக்கு மத்தியானத்தில் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. அதன் பழைய இயக்குநர் அத்தையின் குரலைப் போனில் கேட்டுப் பழகியவர். "இந்தக் குரலைக் கேக்கணும்னே ஊர்ல பாதிப் பேரு வேணும்னு தப்பு நம்பர் கேட்டுக்கிட்டிருந்தாங்க. வாங்கம்மா" என்று கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். நிகழ்ச்சிக்குச் 'சாய்வு நாற்காலி' என்று பெயர். தலைவலி தராத பாட்டு, அதட்டாத பேச்சு, நடுவில் முழங்கால் தைலத்துக்கு ஒரு விளம்பரம், பல்செட் கழுவும் மாத்திரைக்கு ஒரு விளம்பரம். கேட்பவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் அத்தையை 'ரெண்டு மணி அம்மா' என்றார்கள். சிலர் அத்தையைவிட இருபது வயது மூத்தவர்கள். அவர்களுக்கும் அம்மாதான்.

தொடங்கி மூன்றாவது வருஷத்தில் ஒரு கடிதம் வந்தது. யாரோ ஒரு நீச்சல் ஆசிரியை எழுதியிருந்தார்: நேற்று நல்ல பாட்டு ஒன்று முடியப்போகும் நேரத்தில் மகன் போன் செய்தான், கடைசி வரி போய்விட்டது, மகன் சொன்னதும் ஒன்றும் உருப்படியான விஷயம் இல்லை. படித்ததும் அத்தைக்குப் பொறுக்கவில்லை. பதினேழு வருஷம் போன் மணிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர் அல்லவா, உள்ளே ஒரு பழைய பகை இருந்தது. மறுநாள் மைக் முன்னால் இப்படித் தொடங்கினார்:

"மணி ரெண்டு. அடுப்பை அணைச்சாச்சா? கதவைச் சாத்தியாச்சா? போனைக் கவுத்து வெச்சாச்சா? யாரு கூப்பிட்டாலும் நாலு மணிக்குப் பேசிக்கலாம். உலகம் எங்கயும் ஓடிப்போயிடாது. வாங்க, உக்காருங்க."

நான்கு மணிக்கு முடிக்கும்போது, "மணி நாலு. போனை நிமித்திக்கலாம்." அவ்வளவுதான். அடுத்த பத்தொன்பது வருஷம் ஒரு நாள் தவறாமல் இதையே சொன்னார். ஊரும் கேட்டுக்கொண்டது. பிள்ளைகள் சொன்னால் கேட்காதவர்கள், டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டு மறப்பவர்கள், ரெண்டு மணி அம்மா சொன்னதை மட்டும் மீறவே இல்லை.

இதில் முதலில் அடிபட்டவன் நான். கல்யாணப் பேச்சு எடுப்பதற்காக அவர்கள் வீட்டுக்கு ஒரு நாள் மத்தியானம் இரண்டரை மணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பதினொரு தடவை செய்தேன். பெண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, ஒரு லிப்டின் தலைமேல் உட்கார்ந்து எண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாழ்க்கையே இருண்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கு மணி ஒரு நிமிஷத்துக்குப் போன் வந்தது. "எடுக்கலாம்னு கைதான் போச்சு. ஆனா அம்மா எடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்களே" என்றாள். அவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு இந்த இரண்டு மணி நேரத்தின் அருமை எனக்குத் தொழிலிலும் தெரிந்தது. நான் பார்க்கும் கட்டடங்களில் ஒன்று பன்னிரண்டு மாடி. குடியிருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். காலையில் லிப்டுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மருந்துக்கு ஒருவர் இறங்குவார், மருந்துச் சீட்டை மறந்துவிட்டு ஏறுவார். ஆனால் இரண்டு மணி அடித்தால் ஈ காக்கா நடமாட்டம் இருக்காது. அதனால் சர்வீஸ் வேலையை நான் அப்போதுதான் வைத்துக்கொள்வேன். லிப்டை மெதுவாக மேலே ஓட்டிக்கொண்டு போனால் ஒவ்வொரு மாடியிலும் கதவிடுக்கு வழியே ஒரே பாட்டுக் கேட்கும். இரண்டாம் மாடியில் தொடங்கிய வரி ஐந்தாம் மாடியில் முடியும். ஒரு சொல்கூட நடுவில் அறுந்துபோகாது. பன்னிரண்டு மாடியும் சேர்ந்து ஒரே ரேடியோ மாதிரி.

ஆகவே, ஒரு நாள் அத்தை வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "மாப்ளே, என் நிகழ்ச்சியை ஒருத்தர்கூடக் கேக்கலையாம்" என்று சொன்னபோது நான் சிரித்துவிட்டேன்.

அத்தையும் சிரித்தார். "சிரிக்காதீங்க, நிஜமாத்தான். முதல் தடவையா கணக்கெடுப்பு வந்திருக்கு. பூஜ்யம்! ஒண்ணுகூட இல்ல. எதிர்ல உக்காந்து குமிழைத் திருப்புறாரே, அவரையாவது சேத்திருக்கலாம்ல?"

குமிழைத் திருப்புகிறவர் என்றால் ஒலிப்பதிவாளர். நிலையத்தில் எல்லோரும் அவரைக் குமிழ் என்றே கூப்பிடுவார்கள்.

"அவரு ரெண்டே காலுக்குத் தூங்கிடுவாருன்னு நீதானம்மா சொன்ன" என்றாள் என் மனைவி.

"அதனாலதான் விட்டுட்டாங்க போல" என்று அத்தை அப்போதுதான் செருப்பைக் கழற்றினார்.

விஷயம் இதுதான். நிலையத்துக்குப் புதிய மேலாளர் வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். மீசை வைப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவுக்கு வராத முகம். மரியாதையான பிள்ளை. அத்தையை எழுந்து நின்று வரவேற்று, தண்ணீர் கொடுத்து, அதன் பிறகுதான் தாளை நீட்டியிருக்கிறார். காலையில் ஒரு கோடு, மாலையில் ஒரு கோடு, இரண்டிலிருந்து நான்கு வரை ஒன்றுமே இல்லை. பல் விழுந்த இடம் மாதிரி இருந்ததாம். "மேடம், எனக்கு உங்க குரல் ரொம்பப் பிடிக்கும். ஆனா தலைமை அலுவலகம் குரலைப் பாக்கிறதில்ல, தாளைத்தான் பாக்குது. அந்த ரெண்டு மணி நேரத்துக்கு இளவட்டப் பாட்டைக் கம்ப்யூட்டரே போட்டுக்கும்னு சொல்றாங்க. அடுத்த மாசம் இன்னொரு கணக்கெடுப்பு. அதுல நூத்துல ரெண்டு பேர் கேக்கிறாங்கன்னு வந்தாக்கூட உங்களை யாரும் அசைக்க முடியாது."

நூற்றில் இரண்டு பேர். அத்தை தன் வாழ்நாளில் இவ்வளவு சின்னதாக எதையும் கேட்டதில்லை. அந்த ராத்திரியிலிருந்து வீட்டுக் குரல் கொஞ்சம் இறங்கியது. என் துண்டு மூன்று நாள் கட்டிலிலேயே கிடந்தது. யாரும் கத்தவில்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

மர்மம் வெளிப்பட்டது ஆறாம் மாடியில். அங்கே ஒரு தையல்காரர் இருக்கிறார். ஊருக்கே கோட்டுத் தைத்துவிட்டு இப்போது தன் கிழிந்த சட்டைக்குக்கூட ஊசி எடுக்காதவர். லிப்ட் பொத்தானைச் சரிபார்க்க அவர் வீட்டு வாசலில் நின்றேன். மணி இரண்டே கால். உள்ளே அத்தையின் பாட்டு. திடீரென்று அவர் போன் அலறியது. தையல்காரர் அதை ஒரு முறை முறைத்தார். "ரெண்டு மணிக்கு மேல எந்த மடையன்டா கூப்பிடுறது?" என்று ஒரு தலையணையை எடுத்துப் போனின் மேல் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அதே சமயம் ஐந்தாம் மாடியில் ஒரு போன் அடித்து ஓய்ந்தது. பிறகு எட்டாம் மாடியில் ஒன்று. நான்காம் மாடியில் இரண்டு. எல்லாம் அடித்தன, ஓய்ந்தன. யாரும் எடுக்கவில்லை. பாட்டு மட்டும் அதுபாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறி தட்டியது. "ஐயா, எந்திரிங்க!" என்று தையல்காரரைக் கிளப்பி, தலையணையை விலக்கி, அந்த எண்ணுக்கு என் போனிலிருந்து கூப்பிட்டேன். "வணக்கம், கேட்போர் கணக்கெடுப்புப் பிரிவு" என்றது ஒரு பெண் குரல். அடுத்த கணக்கெடுப்புக்காக எண்களைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். எப்படிக் கணக்கெடுக்கிறீர்கள் என்று கேட்டேன். ரொம்பப் பெருமையாகச் சொன்னாள்: "அந்தந்த நேரத்துல என்ன கேக்கிறாங்கன்னு அந்தந்த நேரத்துலயே போன் பண்ணிக் கேட்போம் சார். அதான் துல்லியம்."

"எடுக்கலைன்னா?"

"கேட்பவர் இல்லைன்னு குறிச்சுக்குவோம் சார்."

ஆறு மாடியும் படியிலேயே ஓடினேன். ஆறாம் மாடியில் லிப்டை எனக்காகவே நிறுத்தி வைத்திருந்தேன் என்பது நான்காம் மாடியில்தான் நினைவு வந்தது. ஓடிக்கொண்டே அத்தைக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை, நிகழ்ச்சியில் இருந்தார். மனைவிக்குச் செய்தேன், எடுக்கவில்லை, நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல குடும்பம்!

இரண்டு பஸ் மாறி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நான்கு மணி ஆகிவிட்டது. மேலாளர் அறையில் வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். அத்தை கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டேனே மாப்ளே! பத்தொம்போது வருஷமா தினமும் வெச்சிருக்கேனே!"

"அப்ப நாளைக்கே எல்லாரையும் போனை எடுக்கச் சொல்லிடுங்க" என்றேன்.

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். "அதுதான் சார் முடியாது. கணக்கெடுப்பைப் பத்தி ரேடியோவுல ஒரு வார்த்தை பேசக்கூடாது. போனை எடுங்கன்னு சொன்னா நிலையத்தையே கணக்குலேருந்து தூக்கிடுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா மேடம்... எடுக்காதீங்கன்னு சொல்லாம இருக்கலாம். அதுக்கு எந்த விதியும் இல்ல" என்றார். அந்தப் பிள்ளை மேல் எனக்கு அன்றைக்குத்தான் ஒரு மதிப்பு வந்தது.

ஆக, திட்டம் ரொம்பச் சுலபம். கணக்கெடுப்பு நடக்கும் ஐந்து நாளும் அத்தை அந்த ஒரு கேள்வியை மட்டும் விழுங்கிவிட வேண்டும். அடுப்பைக் கேட்கலாம், கதவைக் கேட்கலாம், போனைக் கேட்கக் கூடாது. மாசம் முழுக்க வீட்டில், வீட்டுக் குரலிலேயே ஒத்திகை நடந்தது. "அடுப்பை அணைச்சாச்சா? கதவைச் சாத்தியாச்சா? போ... வாங்க, உக்காருங்க." அந்தப் 'போ'வைக் கேட்டு என் மனைவிக்கு விக்கல் வரும்வரை சிரிப்பு.

முதல் நாள். நான் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில், கூரை மேல் இருக்கும் மோட்டார் அறையில் ரேடியோவோடு நின்றிருந்தேன். மணி இரண்டு. அத்தை வந்தார். அடுப்பு. கதவு. "வாங்க, உக்காருங்க." பாட்டு. அபாரம்! 'போ'கூட இல்லை. நான் தனியாகக் கைதட்டினேன்.

கைதட்டி முடிப்பதற்குள் கீழே கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு வரிசையாக. படிக்கட்டு வழியாகப் பேச்சு ஏறிவந்தது.

"போனைச் சொல்லலையே?"

"சொல்லலை. நானும் கவனிச்சேன்."

"அம்மாவுக்கு உடம்பு முடியலையோ?"

"பத்தொம்போது வருஷத்துல இப்படி நடந்ததே இல்லைங்க!"

யார் யாருக்குப் போன் செய்வது என்று கணக்கே இல்லை. ஆறாம் மாடி எட்டாம் மாடிக்கு, எட்டாம் மாடி பக்கத்துத் தெருவுக்கு, பக்கத்துத் தெரு நிலையத்துக்கு. பத்தொன்பது வருஷம் இரண்டு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்த போன்களெல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. கணக்கெடுப்புக்காரர்கள் எந்த எண்ணைச் சுற்றினாலும் 'பிஸி'. நிலையத்தின் நான்கு லைன்களும் ஓயாமல் மின்னியதில் குமிழே விழித்துக்கொண்டுவிட்டார் என்றால் பாருங்கள்.

இதற்கிடையே தையல்காரர் தலைமையில் ஒரு படை நேரிலேயே நிலையத்துக்குப் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பிற்று. ஏழு பேர். அதில் கையடக்க ரேடியோவும் கையுமாக அந்த நீச்சல் ஆசிரியையும் இருந்தார். எட்டாம் மாடியில்தான் குடியிருக்கிறார். நான்கு பேருக்கான லிப்டில் ஏழு பேரும் ஏறினார்கள். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிப்ட் 'போதும்' என்று நின்றுவிட்டது.

கையால் சக்கரத்தைச் சுற்றி லிப்டை இறக்க வேண்டும். உயிர் போகிற வேலை. சுற்றிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"வணக்கம் சார், ஒரே ஒரு கேள்வி. இந்த நேரத்துல நீங்க எந்த ரேடியோ..."

"ரேடியோவாவது ரோஜாப்பூவாவது! ஏழு பேரு நடுவானத்துல தொங்குறாங்க. வைம்மா போனை!"

வைத்துவிட்டாள். யார் அது என்பது இரண்டு சுற்றுக்குப் பிறகுதான் உறைத்தது. சக்கரத்தைப் பிடித்தபடியே அப்படியே நின்றுவிட்டேன். மோட்டார் அறையில் என் ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது.

அதே நேரம் லிப்டுக்குள்ளிருந்து தையல்காரர் செய்த அழைப்பு நிலையத்துக்குக் கிடைத்துவிட்டது. பிறகு நடந்ததைக் குமிழ் எனக்குச் சொன்னார். "அம்மா, உடம்புக்கு என்ன? மறைக்காம சொல்லுங்க. நாங்க வந்துக்கிட்டிருக்கோம், நடுவுல லிப்டுல மாட்டிக்கிட்டோம். ஆனா வந்துடுவோம்!" என்று தையல்காரர் கேட்க, அத்தை போனைக் கீழே வைத்தாராம். மின்னும் நான்கு விளக்குகளையும் ஒரு தடவை பார்த்தாராம். பாட்டை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாராம். குமிழ் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டியும் கேட்கவில்லையாம்.

"எனக்கு ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருக்கேன்" என்றது ரேடியோ. "வயசாகுதுல்ல, ஒண்ணைச் சொல்ல மறந்துட்டேன். யாரும் பதறாதீங்க. எல்லாரும் வீட்டுக்குப் போங்க. போனைக் கவுத்து வெச்சாச்சா?"

லிப்டில் இருந்த ஏழு பேரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, ஏழு போனையும் அணைத்துவிட்டார்கள். கதவை விட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. பன்னிரண்டு மாடிக்கும் கேட்கிறமாதிரி கத்தினேன். அன்றைக்குத்தான் நான் அத்தையின் மாப்பிள்ளை என்று ஊருக்குத் தெரிந்தது.

சாயங்காலம் வீட்டில் ஒரே ரகளை. "இன்னும் நாலு நாள் இருக்கேம்மா! நாளைக்காவது சொல்லாம இரு. ரெண்டு நாள்ல பழகிடுவாங்க" என்று என் மனைவி கெஞ்சினாள்.

அத்தை தலையாட்டினார். "எண்பது வயசுக்காரங்க எனக்காக லிப்டுல தொங்கியிருக்காங்கடி. நான் அந்த வரியைச் சொன்னா 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு அவங்களுக்கு அர்த்தம். சொல்லலைன்னா பயந்துபோறாங்க. அவங்களைப் பயமுறுத்தித்தான் அந்த நாற்காலியைக் காப்பாத்தணும்னா, எனக்கு அது வேண்டாம்."

மறுநாளும் சொன்னார். அதற்கு மறுநாளும் சொன்னார். மீதி நான்கு நாளும் ஊர் முழுக்கப் போன் அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை. முடிவுத் தாளில், இரண்டிலிருந்து நான்கு வரைக்கான கட்டத்தில், இப்படி இருந்தது: பேசக் கிடைத்தவர் ஒருவர், பதில் சொல்ல மறுத்துவிட்டார். அந்த ஒருவர் யாராக இருக்கும் என்று அத்தை ஒரு வாரம் யோசித்தார். நான் அந்த ஒரு வாரமும் துண்டைக் கொடியில்தான் போட்டேன்.

நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். விடைபெற்றுக்கொள்ளவும் அனுமதி இல்லை. போகிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்களாம். பூஜ்யம் பேர் எங்கே போவார்கள் என்று நான் கேட்டேன். மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசி வெள்ளிக்கிழமை அத்தை வழக்கம்போல, "மணி நாலு. போனை நிமித்திக்கலாம்" என்று முடித்துவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

திங்கள்கிழமை ஒன்றே முக்காலுக்கு அத்தை வேலைக்குப் போகும் உடையோடு சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தார். நானும் மனைவியும் ஆளுக்கொரு பொய் சொல்லி லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தோம். அத்தை ஒரு தடித்த நோட்டை விரித்தார். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதற்காக இத்தனை வருஷம் எழுதிவைத்த பெயர்கள், எண்கள். "ரேடியோவுலதானே சொல்லக்கூடாது? போன்ல சொல்லலாம்ல? ஒவ்வொருத்தருக்கா சொல்லிட்டு வந்துடுறேன்" என்றார்.

ரேடியோவில் மணி இரண்டு அடித்தது. அடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. டமடமவென்று ஏதோ கொட்டியது. அத்தை அதை அணைத்துவிட்டு, முதல் எண்ணைச் சுற்றினார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த எண். அடித்தது, ஓய்ந்தது. கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. எனக்கு அந்த ஓட்டை போட்ட பலகையே கண்ணில் தெரிந்தது. ஏழாவது எண், எட்டாவது எண். பன்னிரண்டாவதில் அத்தையின் உதடு துடித்தது. அழுகிறாரோ என்று என் மனைவி கிட்டே போனாள்.

"மாப்ளே!" வீட்டுக் குரல், முழுச் சத்தத்தில். "ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கிறாங்க!"

"ஒருத்தருமா?"

"ஒருத்தரும்!"

மூன்று பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அத்தை இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று சுற்றிக்கொண்டே போனார். ஒவ்வொன்று ஓயும்போதும் கைதட்டினோம். முப்பது, நாற்பது, ஐம்பத்தெட்டு. எந்தத் தாளிலும் வராத கணக்கு எங்கள் சாப்பாட்டு மேஜையில் புள்ளி புள்ளியாக ஏறிக்கொண்டிருந்தது. மூன்றே முக்காலுக்கு அத்தை பென்சிலை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரா, வேறா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அதே நிலைமைதான்.

நான்கு மணி ஒரு நிமிஷத்துக்குப் போன் அடித்தது. ஆறாம் மாடி தையல்காரர்.

"அம்மா, கூப்பிட்டிருந்தீங்களா? மன்னிச்சுக்கணும், ரெண்டு மணி ஆயிடுச்சேன்னு கவுத்து வெச்சுட்டேன். என்னம்மா இன்னைக்கு? ரெண்டு மணி நேரமா என்னமோ உடைச்சுக்கிட்டே இருந்தாங்க. பதறாதீங்கன்னு அன்னைக்கே சொன்னீங்கல்ல, அதனால நடுவுல நீங்க வந்துடுவீங்கன்னு எல்லாரும் அப்படியே உக்காந்திருந்தோம். நாளைக்கு வந்துடுவீங்கல்ல?"

அத்தை எங்களைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு அந்தச் சாப்பாட்டு மேஜையில், வீட்டுக்குள் ரேடியோவில் தவிர நாங்கள் அதுவரை ஒரு தடவைகூடக் கேட்காத அந்த ஊர்க் குரல் வந்தது.

"வந்துடுறேன். ரேடியோவுல இல்ல, போன்ல. நாளைக்கு ரெண்டு மணிக்கு நானே கூப்பிடுறேன். நீங்க போனை எடுங்க, போதும்."

பிறகு தையல்காரர் ரொம்பத் தயக்கத்தோடு, பெரியவர்களிடம் மறுத்துப் பேசுகிற மரியாதையோடு சொன்னார்:

"ரெண்டு மணிக்கு நாங்க போன் எடுக்கிறதில்லையேம்மா."